ஒரு படத்துக்கு எத்தனை பிரதி?

நம் வீடுகளில் முன்பெல்லாம் படங்கள் எண்ணத் தக்கனவாக இருந்தன. கல்யாணத்தின்போது எடுத்த ஆல்பம் ஒன்று, கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய பெரியோர் படங்கள் நாலைந்து, பள்ளியில் வகுப்பு முழுவதும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று. ஒரு குடும்பத்தின் படச் செல்வம் பெரும்பாலும் இவ்வளவே. பிலிம் சுருள் ஒன்றில் 36 படங்கள் எடுக்கலாம். அதைக் கழுவவும் அச்சிடவும் ஸ்டுடியோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆகவே எண்ணி எடுத்தார்கள். எடுத்ததைப் பேணி வைத்தார்கள்.

இன்றைய நிலை வேறு. 1975ஆம் ஆண்டில் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் முதன்முதலாக ஒரு டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அது எடுத்த படத்தில் 10,000 புள்ளிகள் இருந்தன. அந்தப் படத்தை ஒலிநாடா ஒன்றில் பதிவு செய்ய 23 விநாடிகள் பிடித்தன. இன்று ஒரு சாதாரணக் கைப்பேசி 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துவிடுகிறது. செலவு இல்லை; ஆகவே எண்ணிக்கையும் இல்லை. போதாக்குறைக்கு, எடுத்த படம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கைப்பேசியில் ஒன்று, இணையத்துக்கு அப்பால் 'மேகம்' எனப்படும் சேமிப்பில் ஒன்று, வீட்டுக் கணினியில் ஒன்று, மேசை இழுப்பறையில் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் மற்றொன்று என, ஒரே படம் பல பிரதிகளாகப் பெருகி நிற்கிறது. இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, எப்படி நீக்குவது என்பவற்றையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இது இடத்தை மிச்சப்படுத்தும் சிறு காரியந்தானே, இதற்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று மாணவர்களாகிய உங்களுள் சிலர் நினைக்கலாம். அப்படியன்று என்பதை நான் வாழும் ஊரைக் கொண்டே காட்ட விரும்புகிறேன்.

நான் வசிப்பது சென்னைக்குத் தெற்கே உள்ள கீழ்க்கட்டளை. முன்பு பல்லாவரம் நகராட்சியில் இருந்த இவ்வூர், 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. ஊரின் பெயராலேயே ஓர் ஏரி இங்கே இருக்கிறது. அந்த ஏரி நிறைந்தால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். மேலே உள்ள ஏரியில் நேர்வது எதுவாயினும் கீழே உள்ள ஏரியைத் தொடாமல் விடாது. ஏரிகளைச் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்து வைத்த நம் முன்னோரின் இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு உதவும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. நீர் வடிந்த பிறகு மக்கள் அரிசியையும் துணியையும் மீண்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால், நனைந்த ஆல்பங்களை எந்தக் கடையிலும் வாங்க இயலவில்லை. புகைப்படத் தாளின் மேற்பரப்பில் ஜெலட்டின் என்னும் பசைப்பொருள் ஒரு மெல்லிய பூச்சாக இருக்கிறது. நீர் பட்டால் அது ஊறிப் பருத்து, எதிரே உள்ள படத்தோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் பிரித்தால் முகங்கள் உரிந்து வரும். ஒரே ஒரு பிரதியை ஒரே ஓர் இடத்தில் வைத்திருப்பதால் வரும் துன்பம் இது. அதே படத்தின் இன்னொரு பிரதி கோயம்புத்தூரில் உள்ள தங்கை வீட்டிலோ, வெளியூரில் உள்ள மகன் கணினியிலோ இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஆகவே, பிரதி என்பது தொல்லை அன்று. முதலில் அது பாதுகாப்பு. இவ்வுண்மையைத் தமிழர் நன்கு அறிவர். பனையோலை நெடுங்காலம் நில்லாது. கரையானும் பூச்சியும் அதை அரித்துவிடும். எனவே, ஏடு பழுதுபடுமுன் அதைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொள்வது நம் நாட்டு வழக்கமாக இருந்தது. அவ்வழக்கம் தளர்ந்த இடங்களில் நூல்கள் அழிந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த ஏடுகள் நெருப்பிலிடப்பட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வருந்தி எழுதியிருக்கிறார். அவர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தது எவ்வாறு? ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததனால்தான். ஓர் ஏட்டில் சிதைந்திருந்த அடி மற்றோர் ஏட்டில் முழுமையாக இருந்தது. 'இது முன்பே கிடைத்த நூல்தானே' என்று அவர் இரண்டாம் ஏட்டைத் தள்ளியிருந்தால் நாம் இழந்திருப்பது மிகுதி.

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களை மீண்டும் பெற முடிந்தது; பிரதி இல்லாதவை போனவை போனவையே. 2005 முதல் 'நூலகம்' என்னும் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் டிஜிட்டல் வடிவில் சேர்த்து எவரும் படிக்குமாறு வைத்துவருகிறது. பல இடங்களில் பல பிரதிகள் என்பதன் அருமை அவ்வூரார்க்குத் தெரிந்த அளவு வேறு எவர்க்குத் தெரியும்?

அப்படியானால், பிரதிகள் பெருகுவதில் என்ன குறை? குறை எண்ணிக்கையில் இல்லை. நாம் அறியாமல் அவை பெருகுவதில்தான் இருக்கிறது. இங்கே இன்ன பிரதி இருக்கிறது, அது முழுமையானது என்று தெரிந்து வைத்திருப்பது காவற்பிரதி. எங்கே இருக்கிறது, எத்தகையது என்று தெரியாமல் தானே முளைத்துக் கிடப்பது களைப்பிரதி. களை மிகுந்த வயலில் பயிரைத் தேடுவது கடினம். அவசரப்பட்டுப் பிடுங்கினால் பயிரும் வந்துவிடும்.

களைப்பிரதி எவ்வாறு முளைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குகிறேன். பொங்கலன்று கல்லூரி மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் படம் எடுக்கிறாள் என்று கொள்வோம். மூலப்படம் கைப்பேசியில் இருக்கிறது: இது ஒன்று. அன்றிரவே அது தானாக மேகச் சேமிப்புக்குச் செல்கிறது: இரண்டு. குடும்பத்தார் குழுவுக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்புகிறாள்; ஆண்ட்ராய்டு கைப்பேசியாயின், அனுப்பிய படத்தின் சிறு பிரதி ஒன்று அனுப்பியவரிடமே தனியாகச் சேர்கிறது: மூன்று. குரோம்பேட்டைச் சித்தப்பா அதைத் திரும்ப அனுப்ப, அது மீண்டும் வந்து சேர்கிறது: நான்கு. கோடை விடுமுறையில் கைப்பேசி முழுவதையும் கணினிக்கு மாற்றுகிறாள்: ஐந்து. தீபாவளிக்கு முன் கைப்பேசியில் இடமில்லையென்று ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றுகிறாள். முன்பு கணினிக்கு மாற்றியதையும் சேர்த்தே ஏற்றுகிறாள்: ஆறு, ஏழு. அச்சிடுவதற்காக மேகத்திலிருந்து இறக்கும்போது, அதே பெயரின் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு இன்னொரு கோப்பு வருகிறது: எட்டு. பாட்டி ஒருத்தி, அவள் படம் ஒன்று, பிரதிகள் எட்டு. இவற்றுள் நான்கும் மூன்றும் சிறியவை; மற்றவை முழுமையானவை. ஆனால், திரையில் விரல் அளவாகப் பார்க்கும்போது எட்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இதனால் வரும் செலவைக் கணக்கிடுவோம். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 36 மெகாபைட் ஆகும். 1992இல் ஏற்பட்ட ஜேபெக் என்னும் முறை, கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களை விட்டு அதை ஏறத்தாழ 3 மெகாபைட்டாகச் சுருக்குகிறது. 3 மெகாபைட் வீதம் 5,000 படங்கள் என்றால் 15 ஜிகாபைட். கூகுள் நிறுவனம் கட்டணமின்றி ஒருவர்க்குத் தரும் மொத்த இடம் இதுதான். அதில் மின்னஞ்சலும் அடங்கும். 2015 முதல் சற்றே சுருக்கிய படங்களை அளவின்றி ஏற்றுக்கொண்டிருந்த அந்நிறுவனம், 2021 ஜூன் 1 முதல் அச்சலுகையை நிறுத்திக்கொண்டது. ஐகிளவுட், ஒன்டிரைவ் ஆகியவை கட்டணமின்றித் தருவது 5 ஜிகாபைட் மட்டுமே. இடம் நிறைந்தது என்ற அறிவிப்பு வந்தவுடன் மக்கள் செய்வது இரண்டில் ஒன்று: மாதந்தோறும் பணம் கட்டுகிறார்கள், அல்லது அகப்பட்டதை அழிக்கிறார்கள். ஆபத்து இரண்டாவதில் இருக்கிறது.

ஏரிச் சங்கிலியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மேகச் சேமிப்பிலும் கைப்பேசியிலும் பெரும்பாலும் நடப்பது 'ஒத்திசைவு'. ஓரிடத்தில் படம் சேர்ந்தால் மற்றோரிடத்திலும் சேரும். ஓரிடத்தில் நீக்கினால் மற்றோரிடத்திலும் நீங்கும். மேலேரியின் கரை உடைந்தால் கீழேரியும் தப்பாது. காப்பு என்பதோ இதற்கு வேறானது. அது ஏரியோடு கால்வாயால் இணையாத தனிக் கிணறு. ஏரியில் நேர்வது அதைத் தொடாது. 'என் படம் கைப்பேசியிலும் இருக்கிறது, மேகத்திலும் இருக்கிறது. ஆகவே இரண்டு பிரதிகள்' என்று எண்ணுவோர், ஒத்திசைவு இயங்கும்போது தம்மிடம் உள்ளது உண்மையில் ஒரு பிரதியே என்பதை உணர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தில் இவ்வாறு நேர்ந்ததை நான் அறிவேன். கைப்பேசியில் இடம் இல்லை. ஒரே படம் இரண்டு இடங்களில் தெரிகிறதே என்று, வீட்டுப் பையன் காமிராப் படங்களை நீக்கினான்; வாட்ஸ்அப்பில் வந்தவற்றை வைத்துக்கொண்டான். சேமிப்பு ஒத்திசைவில் இருந்ததால் மேகத்திலும் அவை நீங்கின. மீட்பதற்குரிய நாள்களும் கழிந்துவிட்டன. ஐந்து மாதங்களுக்குப் பின் அவன் தாத்தா காலமானார். கூடத்தில் மாட்டுவதற்காகப் படத்தைப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்குக் கொண்டு சென்றார்கள். சட்டையின் கோடுகள் கலங்கின. கண்கள் இரண்டும் கட்டங்களாகத் தெரிந்தன. ஸ்டுடியோக்காரர் நல்லவர், தம்மாலானதைச் செய்தார். சுருக்கத்தில் போன புள்ளிகளை அவர் எங்கிருந்து கொண்டு வருவார்? இன்றும் அந்த வீட்டில் தாத்தாவின் படம் அஞ்சலட்டை அளவிலேயே இருக்கிறது. அந்தப் பையன் செய்தது குற்றம் அன்று. ஒன்றுபோல் தோன்றும் இரண்டும் ஒன்றல்ல என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

அந்த வேற்றுமையைக் கண்டறியும் முறைகளைப் பார்ப்போம். இவற்றில் கணக்கின் அழகு இருக்கிறது. ஆகவே மாணவர்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, எழுத்துக்கு எழுத்து ஒத்த பிரதிகளைக் கண்டுபிடிப்பது. கணினிக்குப் படம் என்பது எண்களின் நீண்ட வரிசையே. அவ்வரிசை முழுவதையும் ஒரு கணக்கிற்கு உட்படுத்தி, சிறியதோர் அடையாளத்தை வருவிக்கலாம். மனிதனுக்குக் கைரேகைபோல, கோப்புக்கு இது ரேகை. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2002இல் தரமாக வெளியிட்ட எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் இந்த ரேகை எப்போதும் 64 குறிகள் கொண்டது. கோப்பு 3 மெகாபைட்டாயினும் 3 ஜிகாபைட்டாயினும் ரேகையின் நீளம் மாறாது. கோப்பில் ஒரே ஓர் எண் மாறினாலும் ரேகை முழுவதும் மாறிப்போகும். இம்முறையில் உண்டாகக்கூடிய ரேகைகளின் தொகை 78 இலக்கங்கள் கொண்ட பேரெண். ஆகவே, வெவ்வேறான இரண்டு படங்களுக்குத் தற்செயலாக ஒரே ரேகை அமையும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ரேகை ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்றே. கோப்பின் பெயரும் அது கிடக்கும் இடமும் வேறாக இருந்தாலும் கவலை இல்லை. இத்தகைய பிரதிகளில் ஒன்றை நீக்குவதால் எவ்வித நுட்பமும் குறையாது.

இரண்டாவது, பார்வைக்கு ஒத்திருந்தும் எண்களால் வேறுபட்ட பிரதிகளைக் கண்டுபிடிப்பது. வாட்ஸ்அப் சுருக்கிய படமும் மூலப்படமும் இத்தகையவை. இவற்றுக்கு ரேகை முறை பயன்படாது. இங்கே நம் வீட்டு வாசலில் போடும் புள்ளிக்கோலம் துணைக்கு வருகிறது. படத்தின் நிறத்தை நீக்கி, அதை வரிசைக்கு 9 புள்ளிகளாக 8 வரிசைகளுக்குச் சுருக்குக. இப்போது எஞ்சியவை 72 சாம்பல் நிறப் புள்ளிகள் மட்டுமே. ஒவ்வொரு புள்ளியும் அதன் வலப்பக்கத்துப் புள்ளியைவிட ஒளி மிகுந்ததா என்று கேட்டால், வரிசைக்கு 8 விடைகளாக மொத்தம் 64 'ஆம், இல்லை' கிடைக்கும். படத்தைப் பெரிதாக்கினாலும் சுருக்கினாலும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் பெரிதும் மாறுவதில்லையாதலால், இந்த 64 விடைகளும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டு படங்களின் விடைகளை ஒப்பிட்டு, எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ண வேண்டியதே. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வேறுபட்டால், பெரும்பாலும் அவை ஒரே படத்தின் பிரதிகள். பத்துக்கு மேல் சென்றால் பெரும்பாலும் வேறு படங்கள். இவ்வாறு வேற்றுமைகளை எண்ணும் முறைக்கு ஹாமிங் தூரம் என்று பெயர். ரிச்சர்டு ஹாமிங் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1950இல் செய்திகளில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்காக வகுத்தது அது.

இம்முறை 'பெரும்பாலும்' என்று மட்டுமே சொல்கிறது என்பதை மறவாதீர்கள். ஒரே இடத்தில் நின்று அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களையும் இது ஒன்றெனச் சொல்லிவிடும். ஒன்றில் பாட்டி கண் மூடியிருப்பாள், மற்றொன்றில் சிரித்திருப்பாள். அந்த வேற்றுமை 72 புள்ளிகளுக்குள் அடங்காது. ஆகவே, ரேகை ஒத்தவற்றை இயந்திரத்தின் தீர்ப்புக்கு விடலாம். கோலம் ஒத்தவற்றை நாமே கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். டூப்கூரு, டிஜிகேம் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இவ்வகைத் தேடல்களை அவை செய்கின்றன. ஐபோன்களில் 2022 முதல் இரட்டைப் படங்களைக் காட்டும் வசதி அமைந்திருக்கிறது.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது? கோப்பின் அளவைப் பாருங்கள். நீள அகலப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பெரியது பெரும்பாலும் மூலம். அடுத்து, படத்தோடு சேர்ந்து வரும் குறிப்பைப் பாருங்கள். எடுத்த நாள், மணி, காமிராவின் வகை, சில வேளைகளில் இடம் ஆகியவற்றைக் காமிரா தானே படத்துக்குள் எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பினால் இக்குறிப்பு நீங்கிவிடும். வந்து சேர்ந்த நாளே கோப்பின் பெயரில் ஏறும். இதன் விளைவைச் சிந்தியுங்கள். 2015 வெள்ளத்தில் எடுத்த படத்தை 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போது ஒருவர் மீண்டும் அனுப்பினால், அது 2023 என்னும் பெயரோடு பெறுவோர் கைப்பேசியில் சேரும். பின்னொரு நாள் நம் பகுதியின் வெள்ள வரலாற்றை எழுதுவோர்க்கு அது பொய்ச்சாட்சி சொல்லும். நாள் அறிந்த பிரதியை அழித்து, நாள் இழந்த பிரதியை வைத்துக்கொள்வது கல்வெட்டைச் சிதைப்பதற்கு ஒப்பாகும்.

மேகத்தில் இருப்பதுதான் மூலம் என்றும் முடிவு கட்டக் கூடாது. இடம் மிச்சம் பிடிக்கும் அமைப்பைத் தேர்ந்திருந்தால், அங்கே சென்றது சுருங்கிய படமாக இருக்கலாம். வேறு சில அமைப்புகளில் இதற்கு மாறாக, மூலம் மேகத்துக்குச் சென்றுவிடக் கைப்பேசியில் தங்குவது சிறு பிரதியாக இருக்கும். எது எங்கே என்று அளவைப் பார்த்தே துணிய வேண்டும்.

இனிச் செயலுக்கு வருவோம். என் வீட்டில் நான் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன். விரும்பினால் நீங்களும் பின்பற்றலாம்.

முதலில், எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். கைப்பேசிகள், பழைய பென் டிரைவுகள், மேகம் ஆகிய எல்லா இடங்களிலிருந்தும் படங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் கொட்டுகிறேன். இரண்டாவதாக, அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி செய்து, அதை எடுத்து வைத்துவிடுகிறேன். களையெடுப்பில் கை தவறினால் இதுவே துணை. மூன்றாவதாக, மென்பொருளைக் கொண்டு ரேகை ஒத்தவற்றைப் பிரிக்கிறேன். நான்காவதாக, கோலம் ஒத்தவற்றைப் பிரித்துக் கண்ணால் பார்க்கிறேன். இது பொறுமையை வேண்டும் வேலை. ஓர் இரவில் முடிக்க முயலலாகாது. ஐந்தாவதாக, நீக்க வேண்டியவற்றை உடனே அழிக்காமல் 'காத்திருப்பு' என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் ஒரு மாதம் வைத்திருக்கிறேன். வீட்டார் எவரேனும் ஒரு படத்தைத் தேடினால், அது அங்கிருந்து திரும்பி வரும். ஆறாவதாக, எஞ்சியவற்றை ஆண்டு, மாதம் என்ற முறையில் அடுக்குகிறேன்.

மேகத்தில் நீக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. நீக்கிய படங்கள் சில நாள்கள் குப்பைக்கூடையில் தங்கும். மேகத்தில் காப்பாக ஏறிய படங்களைக் கூகுள் போட்டோஸ் 60 நாள்கள் வைத்திருக்கும். ஐபோனில் நீக்கியவை 30 நாள்கள் வரை கிடைக்கும். அதன்பின் அவை திரும்பி வாரா. கைப்பேசியில் மட்டும் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாயின், அதற்கென உள்ள 'இடம் விடுவிக்கும்' வசதியைப் பயன்படுத்த வேண்டும். படத்தைத் தொட்டு நேரே நீக்கினால் மேகத்திலும் நீங்கக் கூடும்.

இவ்வாறு சுத்தம் செய்தபின் எத்தனை பிரதிகள் இருக்க வேண்டும்? தலைப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது வந்துவிட்டோம். பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதற்கு எளியதொரு விதி சொல்லியிருக்கிறார்: மூன்று, இரண்டு, ஒன்று. பிரதிகள் மூன்று இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மேகத்தில் ஒன்று என்றால் விதி நிறைவேறிவிடும். மேகத்துக்குக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மூன்றாவதை வெளியூர் உறவினர் வீட்டில் வைக்கலாம். கீழ்க்கட்டளையில் மேல்தளத்தில் ஒன்று, கீழ்த்தளத்தில் ஒன்று என்பது வேறிடம் ஆகாது. ஏரி பெருகினாலும் தீ பிடித்தாலும் திருடன் வந்தாலும் இரண்டும் ஒரே வீடுதானே!

மேகமும் நிலையானது அன்று. 2023 டிசம்பர் முதல், இரண்டாண்டுகள் எவரும் திறவாத கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. ஒருவர் இறந்தபின் அவர் கணக்கின் கடவுச்சொல் வீட்டாருக்குத் தெரியாவிட்டால், அவர் எடுத்த படங்களும் அவரோடு போய்விடும். ஹார்டு டிஸ்க்கும் சில ஆண்டுகளில் பழுதாகும் பொருளே. பென் டிரைவை நீண்டநாட் காவலுக்கு நம்பவே கூடாது. பழுதுபடுமுன் புதிய ஏடு எழுதிக்கொண்ட பழைய வழக்கத்தை நாம் இங்கேயும் கைக்கொள்ள வேண்டும்.

இவ்வேலைக்கு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மழைக்கு முன் ஏரியின் வண்டலை வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சரிபார்ப்பது குடிமராமத்து. படங்களுக்கும் அந்த வேளையிலேயே குடிமராமத்துச் செய்துவிட்டால், டிசம்பர் மழையின்போது படங்களைப் பற்றியேனும் கவலையின்றி இருக்கலாம்.

முடிப்பதற்கு முன் ஒன்று. கோப்பின் ரேகையை இயந்திரம் அறியும்; புள்ளிகளின் கோலத்தையும் அறியும். ஒரே முகம் உள்ள படங்களைத் திரட்டித் தரவும் அதற்குத் தெரியும். ஆனால், படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சேலையுடன் நிற்கும் மூதாட்டி உங்கள் தாத்தாவின் அத்தை என்பதும், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதும் அதற்குத் தெரியா. அவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவுக்கு இப்போதைக்குப் பிரதியே இல்லை. ஆகவே, களையெடுத்து அடுக்கிய படங்களைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பாட்டிக்குக் காட்டி, அவர் சொல்லும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதியதைப் படம் எடுத்து, மற்றப் படங்களோடு மூன்று இடங்களிலும் வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் எத்தனை பிரதி இருந்தாலும் மிகையாகாது.